எடுத்துக்காட்டு ஏழு

ஜூன் 3, செவ்வாய். சென்னை.

நூலகத்திலிருந்து வெளியே வந்து பார்த்தால் தெரியாத எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். செல்வராணி அக்கா. திருப்பூரில் அம்மா வேலை செய்யும் பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் அவருடையது.

"தாரணி, உங்கம்மா பீஸ் பாத்துட்டு இருக்கறப்பவே மேசை மேல சாஞ்சுருச்சு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா எடை நாப்பத்தொண்ணு காட்டுது. நீ வர்றதுன்னா வா. வரலீன்னா வரலீன்னு சொல்லீரு, நாங்க பாத்துக்கறோம்."

வருகிறேன் என்றேன். அக்கா சற்று ஏமாந்தது போலிருந்தது. திட்டுவதற்குத் தயாராக இருந்திருப்பார்.

ஆல்பின் டிக்கெட் போட்டான். தானும் வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் பையில் சார்ஜரை மட்டும் எடுத்து வைத்தான். திருமணமாகி இரண்டரை வருடத்தில் அவன் என் அம்மாவைப் பார்த்ததில்லை.

ஆய்விதழிலிருந்து என் கட்டுரையின் அச்சு மெய்ப்பு வந்திருக்கிறது. இருபதாம் தேதிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். ரயிலில் பார்க்கலாம்.

ஜூன் 4, புதன். திருப்பூர்.

அம்மா கதவைத் திறந்தாள். நைட்டி ஆணியில் மாட்டியது போல் தோளிலிருந்து நேராக விழுந்தது. கழுத்து எலும்புகளுக்கு மேலே இரண்டு குழிகள்.

"வா" என்றாள். பிறகு, "சாப்புட்டியா?"

ரயிலில் சாப்பிட்டேன் என்றேன்.

அவளுடைய பாயில் மூன்று தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்று. படுக்கவே முடியாத உயரம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியோடு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அம்மாவுடன் கொஞ்ச நாளாகப் பேச்சு இல்லை. அதனால் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. துணி துவைத்தேன்.

ஜூன் 5, வியாழன்.

அம்மா சாப்பிடுவதை முழுதாகப் பார்த்தேன்.

ரசம் சோறு, கூழாகப் பிசைந்தது. ஒரு வாய். ஒரு டம்ளர் தண்ணீர். எழுந்து கதவு வரை நடக்கிறாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துகிறாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, முன்பாதத்தில் உயர்ந்து, குதிகால் தரையில் மோத இறங்குகிறாள். மறுபடி. மறுபடி. வந்து உட்கார்கிறாள். இரண்டாவது வாய்.

"கீழ் வீட்டுக்காரங்க வந்து, மேல என்ன உரல் இடிக்கறீங்களான்னு கேட்டாங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

ஐந்தாவது வாயில் எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர்ச் சத்தம். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"புளிப்பே இல்ல கண்ணு. போட்டது போட்ட மாதிரியே வருது. வயித்துக்குப் போனாத்தான புளிக்கும்."

நான் நினைத்திருந்தது இப்படி இல்லை. என்ன நினைத்திருந்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 6, வெள்ளி.

அலமாரியைத் துடைத்தேன். அசிடிட்டி மாத்திரை அட்டைகள், தீர்ந்தவை, ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டு. தெருமுனை டாக்டர் தந்தவை. கடைசிச் சீட்டில் தூக்க மாத்திரையும் இருந்தது. மேலே அவர் கையெழுத்தில்: மனக்கவலை.

"தொக்கம்கூட எடுத்துப் பாத்தாச்சு" என்றாள் அம்மா.

தொண்டையில் சிக்கியதை நீவி எடுப்பதாகச் சொல்லும் வைத்தியம். பெரும்பாலும் சாப்பிட மறுக்கும் குழந்தைகளைக் கூட்டிப் போவார்கள். அம்மா பல்லடம் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் மூன்று முறை போயிருக்கிறாள்.

"கழுத்த நீவி, ஒரு குழல வெச்சு உறிஞ்சி, கோழி எலும்பு ஒண்ணு எடுத்துக் காட்டுச்சு."

"நீ கோழி தின்னு எத்தன நாளாச்சு?"

"ஒரு வருசம் இருக்கும்."

இருவரும் சிரித்தோம். அவளுக்கு இருமல் வந்து சிரிப்பு நின்றது.

"ஆனா அந்தம்மா ஒண்ணு கேட்டுச்சு. எந்த எடத்துல நிக்குது, வெரல வெச்சுக் காட்டுன்னுச்சு. வேற ஒருத்தரும் அதக் கேக்கல."

நான் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

ஜூன் 9, திங்கள். கோயம்புத்தூர்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம். ஆஸ்பத்திரியில் இரைப்பை-குடல் பிரிவு, மூன்றாம் மாடி. டாக்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். மேசைமேல் ரப்பரில் செய்த வயிறு.

"எந்த எடத்துல நிக்குதுன்னு காட்டுங்கம்மா" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விரலை நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே வைத்தாள்.

"எப்ப இருந்து?"

"மூணு தீபாவளி ஆச்சுங்க. மொத தீபாவளிக்கு, போனஸ் போட்ட அன்னிக்குக் கம்பெனில பிரியாணி போட்டாங்க. அன்னிக்குத்தான் மொதமொதல்ல நின்னுச்சு. எல்லாரும் தின்னுட்டுக் கை கழுவறாங்க, எனக்கு ரெண்டாவது வாயே போகலீங்க. பிரியாணிமேல ஆசைப்பட்டா இப்படித்தான்னு கேலி பண்ணுனாங்க."

"சோறு மட்டுமா, தண்ணியுமா?"

"இப்பத் தண்ணியுமுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஆரம்பிச்ச நேரத்துல வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா? மன அழுத்தம் மாதிரி?"

இல்லை என்றேன்.

இல்லைதான். பிரியாணி 2022 அக்டோபரில். நான் ஆல்பினைப் பற்றி அம்மாவிடம் சொன்னது 2023 ஜனவரியில், பதிவு அலுவலகத்துக்கு வெளியே நின்று, ஃபோனில். அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் மூன்று மாதம். பஸ்ஸில் திரும்பும்போது விரல்விட்டு எண்ணினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி. எப்படி எண்ணினாலும் மூன்று.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்.

சோதனைகள். வெள்ளையாக எதையோ குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாய். அதை வைத்துக்கொண்டு பத்து முறை தண்ணீர் விழுங்க வேண்டும். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழவில்லை என்று கையால் சைகை காட்டினாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். உணவுக்குழாய் பை போல் வீங்கி, கீழே வந்ததும் பென்சில் முனையாகக் குறுகுகிறது.

"இங்க ஒரு வளையம் மாதிரி தசை இருக்கு. முழுங்கினா அது திறக்கணும். உங்களுக்குத் திறக்க மாட்டேங்குது. குழாயும் சோத்தக் கீழ தள்ள மாட்டேங்குது. அதனால எல்லாம் மேலயே தேங்கி நிக்குது. அகலேசியான்னு பேரு."

"மனசால வர்றதுங்களா?" அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நரம்பு கெட்டுப்போறதால வர்றது. ஏன் கெட்டுப்போகுதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது."

"கெட்டுப்போன நரம்பு சரியாகுங்களா?"

"ஆகாது. ஆனா கதவத் திறந்து விடலாம்."

வாய் வழியாகக் கேமரா குழாய் போகும். உணவுக்குழாயின் உள்தோலில் சின்னதாக ஒரு கீறல். அந்தத் தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் மாதிரி கீழே போய், இறுகிய தசையை மட்டும் வெட்டி, திரும்பி வந்து, கீறலைக் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். மயக்க மருந்து உண்டு. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது.

அம்மா நெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

"வெளிய தழும்பே இருக்காதுங்களா?"

"இருக்காதும்மா. அதுதான் இதுல நல்லது."

"வயித்தக் கிழிச்சுப் பண்ண முடியாதுங்களா?"

டாக்டர் நிமிர்ந்தார். "அப்படியும் ஒரு முறை இருக்கு. உங்களுக்கு அது வேண்டாம். ஏன் கேக்கறீங்க?"

"இல்லீங்க. கம்பெனில யாரும் நம்ப மாட்டாங்க."

டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்.

நான்காம் தேதி 'கொஞ்ச நாள்' என்று எழுதியிருக்கிறேன். பதினோரு மாதம்.

போன ஜூலை. திருவான்மியூர் பஸ் நிறுத்தம். அம்மா ஃபோனில், "சோறு எறங்க மாட்டீங்குது கண்ணு" என்றாள். அதற்கு முன்பும் பலமுறை சொன்னதுதான். நான், "அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? செத்துப்போகட்டுமா?" என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்றேன், நீ என்ன பேசற?" என்றாள்.

வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஜூன் 13, வெள்ளி.

மெய்ப்பைத் திறந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

கட்டுரை: அன்றாடப் பேச்சில் உடல். வயிறு எரிகிறது, தலை கனக்கிறது, கை ஓடவில்லை. மொத்தம் இருபத்திரண்டு எடுத்துக்காட்டுகள்.

7. 'எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது கண்ணு.'

கீழே என் விளக்கம்: பேசுபவர் தன் துயரத்தை உண்ண இயலாமையாக முன்வைக்கிறார். கேட்பவரிடம் குற்ற உணர்வை எழுப்புவதே இக்கூற்றின் முதன்மைப் பயன்.

அடிக்குறிப்பு: தகவலாளர், பெண், 52, திருப்பூர், பின்னலாடைத் தொழிலாளி.

கருத்தரங்கில் இந்த இடத்தில் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பதால். நானும் சிரித்தேன்.

அம்மா அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னத்தப் படிக்கற, மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள்.

பிழை திருத்துகிறேன் என்றேன்.

ஜூன் 16, திங்கள். ஆஸ்பத்திரி.

அனுமதி ஆயிற்று. இரண்டு நாளாகத் தண்ணீர் ஆகாரம் மட்டும். உணவுக்குழாய் காலியாக இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை டாக்டர் வரிவரியாகச் சொன்னார். ரத்தக் கசிவு. துளை விழுதல். நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ, சொல்ல முடியாது. பிறகு நெஞ்செரிச்சல் வரலாம், அதற்கு மாத்திரை. பண்ணாமல் விட்டால்? உடம்பு இன்னும் இளைக்கும், படுக்கும்போது தேங்கிய சோறு நுரையீரலுக்குள் போகும். ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கிறது, அதுதான் இருமல்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக: துளசிமணி. அடுத்த கட்டத்தில் நான். நோயாளிக்கு உறவு: மகள்.

பக்கத்துக் கட்டில் பெண் பேச்சுக் கொடுத்தார். "மகளுங்களா? கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க" என்றாள் அம்மா.

"மாப்பிள்ள என்ன பண்றாரு?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "மெட்ராசுல இருக்காருங்க" என்றாள்.

'ர்' போட்டுச் சொன்னாள். எனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக. ஆனாலும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்.

காலை 9.10 உள்ளே கொண்டுபோனார்கள்.

ஒன்றரை மணி நேரம் என்றார்கள்.

10.40.

11.15. ஆல்பின் கூப்பிட்டான். எடுத்து, "இன்னும் இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

11.50. ஸ்ட்ரெச்சர் போகும்போதெல்லாம் எழுந்து உட்கார்கிறேன். இவளுக்கு ஏதாவது ஆனால், எங்களுக்குள் கடைசியாக நடந்த உண்மையான பேச்சு பஸ் நிறுத்தத்தில் நடந்ததுதான். இந்தப் பதினைந்து நாளில் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. துணி துவைத்திருக்கிறேன்.

12.20. டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். "உள்ள ரொம்ப ஒட்டிப்போயிருந்துச்சு. அதான் லேட். தசைய நல்லா வெட்டி விட்டாச்சு. அஞ்சு கிளிப்."

கேன்டீனில் டீ வாங்கினேன். குடிக்காமல் ஆறவிட்டேன்.

ஜூன் 18, புதன்.

காலையில் அம்மாவின் கழுத்து வீங்கியிருந்தது. தொட்டால் விரலுக்கடியில் நறநறவென்று. பயந்து நர்ஸைக் கூப்பிட ஓடினேன். டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார்.

"உள்ள விட்ட காத்து தோலுக்கு அடியில வந்திருக்கு. தானா வடிஞ்சிரும்."

அம்மா கண்ணைத் திறந்து, "தொட்டுப் பாரு, பொரி மூட்டையாட்டம் இருக்குது" என்றாள். குரல் கம்மியிருந்தது.

மறுபடி மருந்து குடிக்க வைத்துப் படம். கசிவு இல்லை.

பதினொரு மணிக்குத் தண்ணீர் தரலாம் என்றார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு மிடறு. விழுங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையைக் கட்டில் கம்பியில் ஊன்றிக் காத்திருந்தாள், பழக்கத்தில். போர்வைக்குள் பாதங்கள் அசைந்தன.

நேரம் போயிற்று. அம்மா என்னைப் பார்த்தாள்.

"எங்க போச்சு?" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி.

வீட்டுக்கு வந்தாயிற்று. கஞ்சி, மோர், வடிகட்டிய சூப். ஒரு வாரம் இதுதான்.

மெய்ப்பை அனுப்பினேன். ஏழாவதை நீக்கிவிட்டேன். எட்டு ஏழாயிற்று. ஒன்பது எட்டாயிற்று. பதிப்பாசிரியர் காரணம் கேட்டார். தரவுப் பிழை என்று எழுதினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்.

செல்வராணி அக்கா வேலை முடிந்து வந்தார். டிபன் பாக்ஸோடு, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க.

"எங்க, தையலக் காட்டு பாக்கலாம்."

"தையலே இல்ல" என்றாள் அம்மா.

"அப்பறம் என்னத்த ஆபரேசன்?"

"உள்ள இருக்குது. வாயத் தொறக்கறேன், எட்டிப் பாரு."

அம்மா உண்மையாகவே வாயைத் திறந்தாள். அக்கா உண்மையாகவே எட்டிப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரி தந்த படத்தை எடுத்துக் காட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அக்கா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பீஸில் ஓட்டை தேடுவது போல் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அடிப்பாவி. நெசமாலுமே அடைச்சுத்தான் இருந்திருக்குது" என்றார். பிறகு மெதுவாக, "நாங்கெல்லாம் புள்ள போன ஏக்கம்னுதான நெனச்சோம்."

"நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "அத்தன பேரும் சொன்னா?"

அந்தப் படத்தை நாளைக்குக் கம்பெனிக்குக் கொண்டுபோகட்டுமா என்று அக்கா கேட்டார். அம்மா, "மடிச்சுராத" என்று சொல்லிக் கொடுத்தாள்.

ஜூன் 29, ஞாயிறு.

முதல் இட்லி. அம்மாவே ஊற்றினாள். தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளர் பக்கத்தில் இருந்தது, எடுக்கவில்லை. எழவில்லை. ஒரு இட்லி முழுவதும். விரலை நக்கினாள்.

இப்போது கேட்காவிட்டால் எப்போதுமே கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

"ம்மா. நான் கல்யாணம் பண்ணிட்டேன்னு சொன்னப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவள் அடுத்த இட்லியைப் பிட்டாள். யோசித்தாள். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அன்னிக்குக் காத்தாலைக்குத் தின்ன தோசை உள்ள நின்னுட்டு இருந்துச்சு. நீ பேசறப்பக் கையத் தூக்கிட்டு நின்னேன். நீ எப்படா ஃபோன வெப்பேன்னு இருந்துச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? வாந்தி எடுத்தேன். எந்நேரமும் அடுத்த வாய் எறங்குமா எறங்காதாங்கறதே பொழப்பாப் போச்சு. உன்னப் பத்தி நெனைக்க எங்க கண்ணு நேரம் இருந்துச்சு?"

நான் தண்ணீர் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

"அந்தப் பையன் பேரு என்னமோ சொன்னியே."

"ஆல்பின்."

"ம்." மென்றாள், விழுங்கினாள். இறங்கியது. பிறகு நேராக என்னைப் பார்த்தாள். இங்கே வந்த நாளிலிருந்து அப்படிப் பார்க்கவில்லை.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்த கேக்காமப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு, ரோட்டுல நின்னு ஃபோன்ல சொன்ன இல்ல? இனிமேத்தான் அதப் பத்தி நான் நெனைக்கோணும்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜூலை 1, செவ்வாய்.

எடை நாற்பத்திரண்டரை.

அம்மா என்னிடம் பேசவில்லை.

ஜூலை 3, வியாழன்.

இன்று மூன்று இட்லி. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் வைத்த சட்னியைத் தொடவில்லை. தனக்குத் தானே அரைத்துக்கொண்டாள். மெல்லும் சத்தம் அறை முழுதும் கேட்டது, அவசரமில்லாத சத்தம். குழாயடியில், "தள்ளு" என்றாள். நேற்றும் இன்றும் சேர்த்து அந்த ஒரு சொல்தான்.

மூன்று தலையணைகளில் இரண்டை வெயிலில் போட்டிருக்கிறாள்.

ஆல்பின் கூப்பிட்டான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டான்.

"கோவமா இருக்காங்க" என்றேன்.

"உங்கிட்டயா?"

"ஆமா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"எத்தன நாள்?"

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

கொஞ்ச நாள் என்றேன்.